முதல் சனி, மூணாம் சனி

கொல்லங்கோடு
7 ஜூலை 2024

அனகாவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் ரெண்டாவது நிமிஷமே யாராவது ஒருத்தர் வெச்சுடறோம். அதனாலதான் கோர்ட்டில் கவுன்சிலர் ஜின்சி மேடம், "இனிமே ரெண்டு பேரும் எழுதுங்க, எழுதினதை ஒரு நாள் வெச்சிருந்து அப்புறம் தபாலில் போடுங்க"ன்னு சொன்னாங்க. நேத்தே எழுத உக்காந்தேன். கோபம் அடங்கட்டும்னு எடுத்து வெச்சுட்டு இன்னைக்கு எழுதறேன். அடங்கலைங்க.

உத்தரவில் என்ன இருக்குதுன்னு உங்களுக்கும் தெரியும். கேஸ் முடியற வரைக்கும் புள்ளை எங்கிட்ட. மாசத்தில் முதல் சனி, மூணாம் சனி, பதினொரு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும், பாலக்காடு கோர்ட்டில் குழந்தைகளுக்குன்னு இருக்கிற அறையில், கவுன்சிலர் முன்னால நீங்க பார்க்கலாம். புதன்கிழமை போன். ஜூன் மூணாம் சனி நீங்க வரலை. ஜீப் ரிப்பேர்னு நானே அவகிட்ட ஒரு காரணம் சொன்னேன். நேத்தும் வரலை.

காலையில் சொல்லாமலே எந்திரிச்சுக் குளிச்சுட்டு வந்து நின்னா. நீங்க போன வருஷம் வாங்கிக் குடுத்த செருப்பைத்தான் போடுவேன்னா. குதிகால் வெளிய நிக்குது, இருந்தாலும் போட்டுக்கிட்டா. அந்த அறையில் வாசலைப் பார்த்த மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காந்தா. மூணு மணிக்கு மேடம் நோட்டை மூடினாங்க. பஸ்ஸில் வர்றப்பக் கேட்டா: "அப்பாவுக்கு ஜீப் ரிப்பேர் பண்ணத் தெரியுமேம்மா?"

உங்களுக்காகப் பொய் சொல்ற வேலை எனக்கு வேண்டாமுங்க. அடுத்த தடவை நான் சொல்ல மாட்டேன்.

இந்து

*

சாந்தன்பாறை
11 ஜூலை 2024

இந்துவுக்கு,

ஜீப்பு நல்லாத்தான் ஓடுது. ஜூன் மாசம் நான் பாலக்காடு வரைக்கும் வந்தேன். விடியுமுன்ன கெளம்பி, மூணாறு, மறையூர், உடுமலைன்னு எறங்கி, பத்தரைக்கே கோர்ட்டு வாசல்ல நின்னேன். அந்த அறைக்கு வெளிய ஒரு நோட்டு. பேரு, நேரம், கையெழுத்து. பக்கத்துல ஒரு போலீசு அம்மா. இது எதுக்குன்னு கேட்டேன். உன் மனுவுல ஏழாவது பாராவ வச்சுத்தான் இப்பிடின்னாக.

என் வக்கீலு அத மலையாளத்துல வாசிச்சு எனக்கு அர்த்தம் சொன்னாரு. நான் தெனமும் குடிச்சுப்புட்டு வந்து உன்னைய அடிப்பேனாம். பத்து வருசம் எங்கூட இருந்த. ஒரு நா அந்த வாடையப் புடிச்சிருக்கியா? கை ஓங்கியிருக்கேனா? கோவத்துல தட்டத் தூக்கி எறிஞ்சிருக்கேன், ரெண்டு தடவ. அத எழுது. நானே ஆமான்னு சொல்லுவேன்.

தெனம் காலையில பதினாலு பொம்பளைக என் ஜீப்புல ஏலக்காட்டுக்குப் போறாக. வீட்டு ஆம்பளைக என்னைய நம்பித்தான் ஏத்தி விடுறாக. சரஸ்வதியம்மாள் முன்னாடி சீட்டுல ஒக்காந்துக்கிட்டு, "கோர்ட்டுல உன்னையக் குடிகாரன்னு எழுதியிருக்காமே தம்பி"ன்னு கேட்டுச்சு. மறுநா ரெண்டு பேரு வேற ஜீப்புல போயிட்டாக.

அந்த நோட்டுல கையெழுத்துப் போட்டா ஏழாவது பாராவுக்குக் கீழ போட்ட மாதிரி. போட மாட்டேன்னு திரும்பி வந்துட்டேன், போன சனியும் அதான் கெளம்பல. புள்ள வாசலப் பாத்து ஒக்காந்திருந்தான்னு நீ எழுதினதத்தான் திரும்பத் திரும்பப் படிக்கேன்.

வீரபாண்டி

*

கொல்லங்கோடு
15 ஜூலை 2024

அனகாவின் அப்பாவுக்கு,

மனுவை வக்கீல் எழுதினாருங்க. எல்லா மனுவிலும் அப்படித்தான் எழுதுவாங்களாம். அதைப் பத்தி இப்ப எனக்கு எழுத வரலை.

உங்க பதில் மனுவில் மட்டும் என்ன இருக்குது? "கடிதம் எதுவும் வரவில்லை, மனைவி தானாகவே வீட்டை விட்டுப் போனார்." மூணு வருஷம் சமையல் முடிச்சு, பாத்திரம் கழுவி, அப்புறம் கவர்மெண்ட் வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிச்சேன். நீங்க பார்த்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. வில்லேஜ் ஆப்பீஸில் கிளார்க் வேலைக்கு உத்தரவு ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. அதைப் பதினேழு நாள் ஜீப்பில் ஒளிச்சு வெச்சீங்க. கூடப் படிச்ச ஒருத்தி, "நீ இன்னும் ஜாயின் பண்ணலையா"ன்னு கேட்டுத்தான் எனக்கே தெரியும். போஸ்ட்மேனைக் கேட்டேன். "உங்க ஊட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கினாரே"ன்னாரு. புள்ளையைக் கூட்டிக்கிட்டு ஓடி வந்து கடைசி நாளில் ஜாயின் பண்ணினேன். என் பேருக்குன்னு நானா சம்பாதிச்ச ஒரே காகிதம் அது.

கோர்ட்டில் இப்ப நான் ஊட்டை விட்டு ஓடிப் போனவ. இருக்கட்டும். சனிக்கிழமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, அவளுக்குக் குடுத்ததுங்க. அந்த நோட்டில் கையெழுத்துப் போடறது உங்களுக்குக் கௌரவக் குறைச்சல்னா, அதை அவளை நேரில் உக்கார வெச்சு நீங்களே சொல்லுங்க.

இந்து

*

சாந்தன்பாறை
22 ஜூலை 2024

இந்துவுக்கு,

வந்தேன். கையெழுத்துப் போட்டேன். நீ வராந்தாவுல திரும்பி நின்னதையும் பாத்தேன்.

மொத அரை மணி நேரம் அவ எங்கூடப் பேசல. தரையில ஒக்காந்து கேரம் காய வெள்ள தனியா, கறுப்பு தனியா அடுக்கிக்கிட்டே இருந்தா. நானும் தரையிலயே ஒக்காந்தேன். மறையூர்ல வெல்லம் வாங்கிக்கிட்டு வந்தேன். திங்கிற சாமானெல்லாம் மொதல்ல மேடத்துக்கிட்டக் காட்டணுமாம். பெத்த புள்ளைக்குக் கொண்டு வந்தத அடுத்தவுக மோந்து பாக்க நீட்டிக்கிட்டு நின்னேன் பாரு, அப்ப எந்திரிச்சுப் போயிடலாம்னுதான் இருந்துச்சு. அதுக்குள்ள இவ எந்திரிச்சு வந்து, "எங்கப்பா கொண்டு வந்தது மேடம்"னு சொல்லி ஒரு துண்டு ஒடச்சு வாயில போட்டா. இன்னொரு துண்ட மேடத்துக்குக் குடுத்தா. அந்தம்மாவும் தின்னாக. நிமிந்து நின்னேன்.

மூணு மணி ஆகப் போறப்ப ஒண்ணு கேட்டா. "அம்மாவோட ஆப்பீஸ் லெட்டர நீங்க ஒளிச்சு வெச்சீங்கன்னு மாமா சொல்றாங்க. மாமா சொல்றது பொய்யாப்பா?"

அடுத்த தடவ பேசுவம்னேன். தலையாட்டுனா. நம்பி ஆட்டல.

உங்கண்ணன்கிட்டச் சொல்லி வையி. பெரியவுக சண்டைய அவ காதுல ஓத வேணாம்.

வீரபாண்டி

*

கொல்லங்கோடு
29 ஆகஸ்ட் 2024

அனகாவின் அப்பாவுக்கு,

அண்ணன்கிட்டச் சொல்லீட்டேன். ரெண்டு நாள் எங்கூடப் பேசலை. ஆனா அவ முன்னாடி இப்ப எதுவும் சொல்றதில்லை.

ஓணம் லீவுக்கு மூணு நாள் சாந்தன்பாறைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டீங்க. அந்த அறைக்குள்ள, மேடம் முன்னாடி பார்க்கறதுக்கு மட்டும்தான் உத்தரவுங்க. அதைத் தாண்டி அனுப்பினா நாளைக்கு எனக்குத்தான் கேள்வி வரும். அனுப்ப முடியாது.

நீங்க மூணு தடவையும் தவறாம வந்தீங்க. மூணாறு ரோட்டில் மண்ணு சரிஞ்சு அடைச்ச அன்னைக்கு, போடி, தேனின்னு சுத்தி, ஒன்றரை மணிக்கு வந்து சேர்ந்தீங்களாமே. ஜின்சி மேடம் சொன்னாங்க. அனகா ஊட்டில் யார் வந்தாலும் அதையே சொல்லிட்டு இருக்கிறா. சட்டை நனைஞ்சிருந்துச்சுன்னும் சொல்றா. இதை எழுத வேண்டாம்னு நினைச்சேன். எழுதீட்டேன்.

இந்து

*

சாந்தன்பாறை
9 செப்டம்பர் 2024

இந்துவுக்கு,

சனிக்கிழமை அவகிட்டச் சொல்லிட்டேன். மேடம் பக்கத்துல இருந்தாக, இருக்கட்டும்னு சொன்னேன். "மாமா சொன்னது பொய்யில்ல. அம்மாவோட லெட்டர அப்பாதான் ஒளிச்சு வச்சேன்."

ஏன்னு கேட்டா. அம்மா நம்மள விட்டுட்டுப் போயிடுவாளோன்னு பயந்தேன்னேன்.

"அதனாலதானப்பா அம்மா போனாங்க"ன்னா.

ஒம்பது வயசு. திட்டல, அழல. கணக்குல எங்க தப்பு விட்டன்னு டீச்சர் காட்டுவாகல்ல, அப்பிடிச் சொன்னா. பெறகு அவளாவே கேரம் பலகைய இழுத்துப் போட்டா.

உன்கிட்டயும் சொல்ல வேண்டியது இருக்கு. அந்தக் கவர வாங்கின அன்னைக்கு ஜீப்ப ரோட்டோரம் நிறுத்திட்டு ரெண்டு தடவ படிச்சேன். மொதல்ல வந்தது பெருமதான். எம் பொண்டாட்டி இத்தன ஆயிரம் பேத்த முந்திக்கிட்டு வந்துட்டான்னு, எதுக்க வந்த ஜீப்ப நிறுத்திச் சொல்லக்கூடப் பாத்தேன். பெறகுதான் பாலக்காடுன்னு போட்டிருந்ததப் பாத்தேன். இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே போச்சு. பதினேழு நாளும் வண்டி ஓட்டயில, கவர வச்சுப் பூட்டுன அந்த டேஷ்போர்டு பெட்டிதான் கண்ணுக்கு முன்னாடி நின்னுச்சு.

கோர்ட்டுல நான் சொன்னது பொய். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதுதேன். இந்தக் கடுதாசிய உன் வக்கீலுகிட்டக் குடு. ஏழாவது பாராவுக்குப் பதிலா இதக் குடுக்கல. அத நீ என்னமும் செய்யி. நீ ஓடிப் போனவ இல்ல.

வீரபாண்டி

*

கொல்லங்கோடு
24 செப்டம்பர் 2024

அனகாவின் அப்பாவுக்கு,

உங்க கடிதாசியை வக்கீல்கிட்டக் குடுக்கலைங்க. பீரோவில் இருக்குது.

மனுவை வக்கீல் எழுதினாருன்னு ஜூலையில் எழுதினேன். அது பாதிதான். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நான் முழுசாப் படிச்சேன். படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடறவ இல்லை நான். ஆப்பீஸில் அதுக்குன்னே என்னைக் கிண்டல் பண்ணுவாங்க. ஏழாவது பாரா வந்ததும் பேனாவைக் கீழ வெச்சேன். "இது இல்லைன்னா புள்ளை உங்களுக்குக் கிடைக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்"னு வக்கீல் சொன்னாரு. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுட்டேன். அப்ப எனக்கு உங்க மேல அவ்வளவு ஆத்திரம். ஆத்திரம் நிஜம், பாரா பொய். ஜீப்பில் ஏறுற பொம்பளைங்களைப் பத்தி நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கலை.

போன வாரம் வக்கீல்கிட்ட அதை எடுத்துடச் சொன்னேன். கேஸ் பலவீனமாயிடும்னாரு. அண்ணன் சத்தம் போட்டாங்க. "உனக்காக நான் அலையறேன், நீ அவனுக்காகப் பேசறயா"ன்னாங்க. அவருக்காக இல்லைண்ணா, அந்தக் கையெழுத்து என்னுதுன்னு சொன்னேன்.

அக்டோபர் பதினாறு கோர்ட்டில் நானே எந்திரிச்சுச் சொல்லப் போறனுங்க. நீங்க கேட்டீங்கன்னு இல்லை.

நாம சேர்ந்து வாழற பேச்சு இதில் இல்லை. அதை மட்டும் தப்பா எடுத்துக்காதீங்க.

இந்து

*

சாந்தன்பாறை
20 அக்டோபர் 2024

இந்துவுக்கு,

சேந்து வாழுற பேச்ச நானும் எடுக்கல. நாம பிரியிற கேசு அது பாட்டுக்கு நடக்கட்டும்.

அன்னைக்கு நீ வக்கீலத் தாண்டி முன்னாடி வந்து, "ஏழாவது பாரா சத்தியமில்ல சார், படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்"னு மலையாளத்துல சொன்ன பாரு, கோர்ட்டே உன்னையத் திரும்பிப் பாத்துச்சு. கொரல் நடுங்கல. எனக்கு நெஞ்சு நிமிந்துச்சு. பிரியப் போற பொண்டாட்டிய நெனச்சு அப்பிடி வரலாமான்னு தெரியல, வந்துச்சு. அதுக்கப்பறம் நான் எந்திரிக்காம இருந்தா மனுசனே இல்ல. லெட்டரு விசயத்த நானும் சொன்னேன்.

ஜட்ஜய்யா ரெண்டு பேத்தயும் வாங்குன வாங்கு மறக்காது. கோர்ட்டுல சத்தியம் பண்ணிப் பொய் சொன்னதுக்கு உள்ளயே அனுப்பலாம்னாரு. திட்டிப்புட்டு, கவுன்சிலரு கூட இருக்கணும்ங்கிறத எடுத்து விட்டாரு. நேத்துச் சனிக்கிழமை நானும் அவளும் மலம்புழா அணை வரைக்கும் போனோம். நோட்டு இல்ல, போலீசு இல்ல.

ஆனா கடைசியில சொன்னாரே, அடுத்த வாய்தாவுல புள்ளையத் தனியாக் கூப்பிட்டு யாருகிட்ட இருக்கப் பிரியம்னு கேப்பேன்னு, அதுதான் உறுத்துது. அவ யாரச் சொன்னாலும் வாழ்நாள் பூரா மத்தவுகளப் பாக்குறப்பக் குத்துமே. அதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் ஒக்காந்து எழுதிருவம். முழுசா எங்கிட்டக் குடுங்கன்னு நான் போட்ட மனுவ விட்டுடுதேன். ஸ்கூல் நாளெல்லாம் உங்கிட்டயே இருக்கட்டும். ஆனா வந்து பாத்துட்டுப் போற விருந்தாளியா இருக்க மாட்டேன். ஏப்ரல், மே ரெண்டு மாசமும் எங்கிட்ட. கிறிஸ்மஸ் லீவு எங்கிட்ட. எந்த ஸ்கூல்னு என்னையக் கேக்காமச் சேக்கக் கூடாது. காச்சல்னா அன்னைக்கே எனக்குத் தெரியணும். நீ என்ன சொல்லுத?

சரஸ்வதியம்மாள்கிட்ட நீ கோர்ட்டுல சொன்னதச் சொன்னேன். "அந்தப் புள்ளைக்கு இருக்கிற தைரியம்"னுச்சு. போன ரெண்டு பேரும் திரும்ப வந்துட்டாக.

வீரபாண்டி

*

கொல்லங்கோடு
12 நவம்பர் 2024

அனகாவின் அப்பாவுக்கு,

ரெண்டு மாசமும் முழுசா முடியாதுங்க. ஏப்ரல் உங்களுக்கு, மே எனக்கு. கிறிஸ்மஸ் லீவு இந்த வருஷம் உங்களுக்கு, அடுத்த வருஷம் எனக்கு. ஓணம் அதுக்கு மாத்தி. முதல் சனி, மூணாம் சனி இனி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும். நடுவழியில், உடுமலை பஸ் ஸ்டாண்டில் ஒப்படைக்கலாம். உங்களுக்குத்தான் தூரம் ஜாஸ்தி, மலை ரோடு வேற. மழைக்காலத்தில் நான் மறையூர் வரைக்கும் கூட்டிட்டு வரேன்.

ஸ்கூல் விஷயம் ரெண்டு பேரும் சேர்ந்துதான். அதில் எனக்குத் தகராறு இல்லை. நான் இங்கிலீஷ் மீடியம்கிறேன். நீங்க தமிழை விடக்கூடாதுங்கிறீங்க. தமிழ் முதல் பாடமா இருக்கிற ஸ்கூலாப் பார்க்கறேன். பரீட்சை மார்க் ரெண்டு ஊட்டுக்கும் வரோணும். காய்ச்சல்னா அன்னைக்கே சொல்லுவேன், நீங்களும் சொல்லோணும். ஜீப்பில் முன் சீட்டில் பெல்ட் போடாம உக்கார வெக்கக் கூடாது. சிரிக்காதீங்க, எழுதுங்க.

ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர் அவகிட்டக் குறை சொல்லக் கூடாது. இதை முதல் வரியா வெக்கலாம்னு ஜின்சி மேடம் சொன்னாங்க. நாம ரெண்டு பேருமே அதைச் செஞ்சிருக்கோம்.

ஒத்துக்கிட்டா, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. படிச்சுட்டுப் போடுங்க.

இந்து

*

கொல்லங்கோடு
19 டிசம்பர் 2024

அனகாவின் அப்பாவுக்கு,

கோர்ட்டில் நடந்ததை நீங்களும் பார்த்தீங்க. இது ஊட்டில் நடந்தது.

நம்ம காகிதத்தைப் படிச்சுட்டு, அவ சம்மதத்தை மட்டும் கேக்கறேன்னு ஜட்ஜ் உள்ள கூப்பிட்டாரே, அன்னைக்கு வர்ற வழியில் நான் அவகிட்ட ஒண்ணும் கேக்கலை. நீங்களும் கேக்காமத்தான் ஜீப் ஏறினீங்க. அவளுக்கு ஒரு திருத்தம் இருக்குதுன்னு சொல்லி அவரு சேர்த்து எழுதினாரு இல்லீங்களா, "ஒருவருடன் குழந்தை போனில் பேசும்போது மற்றவர் அருகில் இருக்கக் கூடாது"ன்னு. கேட்டப்ப எனக்கு முகத்தில் அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. புதன்கிழமை அவ உங்ககிட்டப் பேசறப்பெல்லாம் நான் பக்கத்தில் துணி மடிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். மடிக்கத் துணி இல்லாத நாளும் மடிச்சிருக்கேன்.

நேத்துப் போன் அடிச்சது. எடுத்துட்டு, பேசாம என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. கதவைச் சாத்திட்டு வாசலுக்குப் போனேன். இருபது நிமிஷம் நின்னேன். உள்ள சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு, என்னன்னு தெரியலை. முடிச்சுட்டு வந்து, "தேங்க்ஸ்மா, உள்ள வரலாம்"னா. ஆப்பீஸர் மாதிரி.

யார் மேலயும் பயமில்லாம ஜட்ஜ் முன்னாடி தனக்கு வேண்டியதைச் சொல்லியிருக்கிறா. நம்ம புள்ளைங்க.

இந்து

*

சாந்தன்பாறை
13 ஏப்ரல் 2025

இந்துவுக்கு,

அவ நல்லா இருக்கா. காச்சல் ஒண்ணும் இல்ல. பெல்ட் போட்டுத்தான் ஒக்காருதா. பெல்ட்டு போன மாசமே புதுசா மாத்திட்டேன்.

காலையில நான் டிரிப் எடுக்கையில அவளும் வருவேன்னு நிக்கா. ஏலக்காட்டு வாசல் வரைக்கும் போயிட்டு எங்கூடவே திரும்பி வந்துடுவா. மொத நா சரஸ்வதியம்மாள் தன்னோட முன் சீட்ட விட்டுட்டுப் பின்னாடி போயிருச்சு. போற வழியில ஒரு பொண்ணு கேட்டுச்சு, "நீ அம்மா புள்ளையா, அப்பா புள்ளையா?" இவ திரும்பிப் பாத்து, "ஸ்கூல் நாள்ல கொல்லங்கோடு, ஏப்ரல்ல சாந்தன்பாறை. எங்கம்மா வில்லேஜ் ஆப்பீஸ்ல இருக்காங்க, எங்கப்பா இந்த ஜீப் ஓட்டறாங்க"ன்னா. மேக்கொண்டு ஒருத்தரும் கேக்கல.

வெளிய போனா, யாரு கேட்டாலும், எம் பொண்ணோட அம்மா பி.எஸ்.சி. எழுதி வேலைக்குப் போனவன்னுதான் நானும் சொல்லுதேன்.

முப்பதாந்தேதி உடுமலையில பதினொரு மணிக்கு நிப்பேன். அவள விட்டுட்டு வர்ற வழி எனக்கு எப்பிடி இருக்கும்னு இப்பவே நெனைக்கக் கூடாதுன்னு இருக்கேன்.

வீரபாண்டி

*

கொல்லங்கோடு
3 ஜூன் 2025

அனகாவின் அப்பாவுக்கு,

நேத்துப் புது ஸ்கூலில் அஞ்சாம் வகுப்புச் சேர்த்தியாச்சு. போனில் நாம பேசி முடிவு பண்ணின அதே ஸ்கூல்தானுங்க. தமிழ் முதல் பாடம். முதல் நாளே ரெண்டு பேரைச் சிநேகம் பிடிச்சுட்டா.

சேர்க்கை பாரத்தில் பாதுகாவலர் பெயர்னு ஒரு கட்டம் இருந்தது. உங்க பேரை எழுதி, பக்கத்திலேயே என் பேரையும் எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் பார்த்துட்டு, ஒரு பேர் போதும்மா, இதில் ஒருத்தருக்குத்தான் இடம்னாரு. நானும் கிளார்க்குத்தான் சார்னேன். கட்டத்தைத் தாண்டி ஒரு எழுத்தும் போகலை, பாருங்கன்னேன்.

கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தாரு. முத்திரை குத்திக் குடுத்துட்டாரு. நகல் ஒண்ணு இதோட வெச்சிருக்கேன்.

இந்து